பழைய மோட்டார் சைக்கிளுக்குக் கட்டுப்படியாகும் டயர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் சாட்ஸ்வொர்த்தில் எங்கள் வீட்டு வாசலில் 1956ஆம் ஆண்டு பிஎஸ்ஏ பி31 என்ற பிரிட்டிஷ் மோட்டார் சைக்கிள் ஒன்று நிற்கிறது. அதைப் பார்த்துவிட்டு நின்று பேசுகிறவர்களில் பாதிப் பேர் விற்கும் எண்ணம் உண்டா என்று கேட்பார்கள். மீதிப் பேர் தாங்களும் ஒரு பழைய வண்டி வைத்திருப்பவர்கள். அவர்கள் கேட்பது டயரைப் பற்றி. ஒரே கேள்விக்கு நாற்பதாவது முறை பதில் சொன்ன நாளில் எழுதி வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். நான் மெக்கானிக் அல்ல. முப்பது ஆண்டுகளாகப் பழைய வண்டி ஓட்டி, சில முறை ஏமாந்து, ஒரு முறை விழுந்து எழுந்தவன்.

தமிழில் எழுதுவதற்கு ஒரு காரணம் உண்டு. இங்கே பலர் சென்னையிலிருக்கும் உறவினரிடம் டயர் வாங்கி அனுப்பச் சொல்கிறார்கள். கடைக்குப் போய் நிற்கப்போகும் அந்த மைத்துனரும் இதைப் படிக்கட்டும்.

பட்டன் எல்லாம் அப்படியே இருக்கிறதே, எதற்காக டயரை மாற்ற வேண்டும்?

பட்டன், அதாவது தரையைத் தொடும் மேடுபள்ளம், தேய்வது ஓடுகிற வண்டிக்கு வருகிற நோய். பழைய வண்டிக்கு வருவது முதுமை. வருடத்தில் சில நூறு கிலோமீட்டர் மட்டுமே ஓடும் வண்டியில் டயர் தேய்ந்து சாவதில்லை, இறுகிச் சாகிறது. ரப்பரை மென்மையாக வைத்திருக்கும் எண்ணெய்கள் மெல்ல வெளியேறுகின்றன. வெயிலும் காற்றிலுள்ள ஓசோனும் மேல்தோலை வெடிக்க வைக்கின்றன. பார்வைக்குப் புதியதுபோல இருக்கும். கட்டைவிரல் நகத்தை அழுத்தினால் பதியாது.

என் அனுபவத்தைச் சொல்கிறேன். 2018இல் ஒரு கடையில் பெரிய பெயர்கொண்ட முன் டயர் ஒன்றைப் பாதி விலைக்குத் தந்தார்கள். ஒட்டியிருந்த காகிதச் சீட்டுகூடக் கிழியவில்லை. அடுத்த வாரம் போத்தாஸ் ஹில்லிலிருந்து டிரம்மண்டுக்குப் பழைய நெடுஞ்சாலையில் இறங்கிக்கொண்டிருந்தேன். லேசான தூறல். வளைவில் சாலையின் வெள்ளைக்கோட்டை முன் சக்கரம் தொட்டது. சறுக்கிய சத்தம்கூடக் கேட்கவில்லை. கைப்பிடி திடீரென்று எடையில்லாமல் போயிற்று, அவ்வளவுதான். மணிக்கு நாற்பது கிலோமீட்டர் வேகம் என்பதால் முழங்காலோடும் ஒரு வளைந்த கால்மிதியோடும் தப்பித்தேன். வீட்டுக்கு வந்து டயரின் பக்கச்சுவரைத் துடைத்துப் பார்த்தால் 1109 என்று இருந்தது. அதன் பொருள் அடுத்த பதிலில்.

டயருக்கு என்ன வயது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பக்கச்சுவரில் டிஓடி என்ற மூன்று ஆங்கில எழுத்துகளோடு தொடங்கும் ஒரு வரிசை இருக்கும். அதன் கடைசியில் சிறு நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கங்கள். முதல் இரண்டும் வாரம், அடுத்த இரண்டும் ஆண்டு. 2324 என்றால் 2024ஆம் ஆண்டின் 23ஆவது வாரம், அதாவது ஜூன் மாதம். நான் வாங்கிய 1109, 2009ஆம் ஆண்டு மார்ச். புத்தம்புதியது என்று சொல்லி ஒன்பது வயதுக் கிழத்தை என் தலையில் கட்டியிருந்தார்கள். மூன்று இலக்கங்கள் மட்டும் இருந்தால் அது 2000க்கு முந்தைய டயர். கழற்றி ஊஞ்சல் கட்டுங்கள்.

இந்த வரிசை சில டயர்களில் ஒரு பக்கத்தில் மட்டுமே இருக்கும். அதனால் கடையில் இரு பக்கமும் திருப்பிப் பாருங்கள். என் கணக்கு இது: வாங்கும்போது இரண்டு வயதுக்குள் இருக்க வேண்டும். ஐந்து வயதுக்குப் பிறகு ஆண்டுக்கு ஒரு முறை கவனித்துப் பார்க்க வேண்டும். பத்து வயதில், எவ்வளவு அழகாக இருந்தாலும், கழற்றிவிட வேண்டும். தொலைபேசியில் ஆர்டர் கொடுப்பவர்கள் இந்த நான்கு இலக்கங்களைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அனுப்பத் தயங்கும் கடையில் வாங்க வேண்டாம்.

3.25-19 என்றால் என்ன? கடைக்காரர் 90/90-19 எடுத்துக் கொடுக்கிறார்.

முன்னது அங்குலக் கணக்கு: டயரின் அகலம் 3.25 அங்குலம், அது உட்காரும் ரிம்மின் விட்டம் 19 அங்குலம். உயரம் எழுதப்படவில்லை, பழைய டயர்களில் உயரமும் அகலமும் ஏறத்தாழ ஒன்று. பின்னது மில்லிமீட்டர் கணக்கு: அகலம் 90 மி.மீ., உயரம் அந்த அகலத்தில் 90 சதவீதம், ரிம் அதே 19 அங்குலம்.

கூட்டிப் பார்த்துவிடுவோம். 19 அங்குலம் என்பது 482.6 மி.மீ. 3.25-19இன் மொத்த விட்டம் சுமார் 648 மி.மீ.; 90/90-19இன் விட்டம் சுமார் 645. இரண்டும் அண்ணன் தம்பி. தாராளமாக வாங்கலாம். அதே வழியில் 3.50-19க்கு 100/90-19, 4.00-18க்கு 110/90-18 பொருந்தும். இடையில் 3.60, 4.10 என்றெல்லாம் வரும் அளவுகள் குட்டையான அங்குல டயர்கள்: 3.25 இருந்த இடத்துக்கு 3.60, 3.50 இருந்த இடத்துக்கு 4.10. எதுவாக இருந்தாலும் கோட்டுக்குப் பின்னால் வரும் 19, 18 என்ற எண் மட்டும் மாறவே கூடாது.

தாத்தாவின் வண்டி. எந்த அளவு டயர் போட வேண்டும் என்று யாருக்கும் தெரியவில்லை.

வழக்கமான சில வண்டிகளின் அளவைச் சொல்கிறேன். ராயல் என்ஃபீல்டு புல்லட் பழைய மாதிரிக்கும் என் பி31க்கும் இரு சக்கரமும் 3.25-19. பிஎஸ்ஏ ஏ10 போன்ற இரட்டை சிலிண்டர் வண்டிக்கு முன்னால் 3.25-19, பின்னால் 3.50-19. ஹோண்டா சிபி750இன் முதல் மாதிரிகளுக்கு முன்னால் 3.25-19, பின்னால் 4.00-18. யமஹா ஆர்டி350, ஹோண்டா சிபி400 நான்கு சிலிண்டர், இரண்டுக்கும் 3.00-18, 3.50-18. ஐம்பதுகளின் ஜாவாவுக்கு 3.25-16. லாம்ப்ரெட்டா எல்ஐ வரிசைக்கு 3.50-10.

ஆனால் தாத்தாவுக்குப் பிறகு அந்த வண்டி எத்தனை கைகள் மாறியதோ! ரிம் வளைந்தபோது கிடைத்ததைப் போட்டு ஓட்டியவர்கள் நம் ஆட்கள். புத்தகத்தை நம்பாமல் ரிம்மைப் பாருங்கள். வால்வுத் துளைக்குப் பக்கத்தில் டபிள்யூஎம்2-19 என்பதுபோலப் பொறித்திருக்கும். துருவில் மறைந்திருந்தால் கம்பித் தூரிகையால் தேய்த்துப் பாருங்கள். பொறிப்பே இல்லையென்றால்தான் அளவுநாடா. அதிலும் ஒரு சிக்கல்: 19 அங்குலம் என்பது டயரின் விளிம்பு உள்ளே உட்காரும் படியின் விட்டம். ரிம்மின் வெளி உதட்டிலிருந்து உதடு வரை அளந்தால் அதைவிட ஓர் அங்குலத்துக்குச் சற்று மேல் கூடுதலாக வரும். இப்படி அளந்து 20 என்று ஆர்டர் கொடுத்து, வந்த டயரை வைத்துக்கொண்டு விழித்தவர் எங்கள் தெருவிலேயே ஒருவர் இருக்கிறார். பெயர் சொன்னால் அடுத்த கல்யாணத்தில் முகம் கொடுத்துப் பேசமாட்டார்.

பின்னால் கொஞ்சம் தடிமனாகப் போட்டால் பிடிமானம் கூடும் அல்லவா?

கூடாது. பெரும்பாலும் குறையும். டபிள்யூஎம்1 என்ற ரிம்மின் உள் அகலம் 1.60 அங்குலம், டபிள்யூஎம்2 1.85, டபிள்யூஎம்3 2.15. டபிள்யூஎம்2 ரிம்முக்கு 3.00 முதல் 3.50 வரை இயல்பாக உட்காரும், 4.00க்கு டபிள்யூஎம்3 வேண்டும். குறுகிய ரிம்மில் அகலமான டயரை மாட்டினால் அதன் இரு பக்கமும் இறுகி நடு முதுகு கூனும். நேரே போகும்போது ஒரு விரல் அகலம்தான் தரையைத் தொடும். வளைவில் வண்டி படுக்க மறுக்கும், பிறகு சட்டென்று சாயும். மட்கார்டிலும் செயினிலும் உரசுவது தனிக் கதை.

ஒரு படி ஏற்றலாம், அதாவது 3.25க்குப் பதில் 3.50. அதற்கு மேல் ஆசைப்படாதீர்கள். படம் எடுக்க அழகாக இருக்கும் என்றால், பக்கத்தில் நின்று எடுத்துக்கொள்ளுங்கள்.

அண்ணா, சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள்: விலை குறைந்ததில் எந்த டயர் நல்லது?

முதலில் ஒரு செய்தி. 3.25-19 என்ற அளவு இன்றும் மலிவாகக் கிடைப்பதற்கு இங்கிலாந்து காரணமல்ல, சென்னைதான். ராயல் என்ஃபீல்டு புல்லட் ஐம்பதுகளிலிருந்து திருவொற்றியூரில் தயாராகி, அரை நூற்றாண்டுக்கும் மேலாக அதே அளவு டயரில் ஓடியது. அதற்கு லட்சக்கணக்கில் டயர் செய்ய வேண்டியிருந்தது. 1946இல் பலூன் செய்யும் சிறு கொட்டகையாகத் தொடங்கிய எம்ஆர்எஃப் நிறுவனமும் அதே திருவொற்றியூரில் பிறந்ததுதான். பர்மிங்காமில் செய்த என் வண்டி, ஒரே ஊரில் வண்டியும் டயரும் செய்த தமிழர்கள் புண்ணியத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது.

ஆகவே என் வரிசை இப்படி. 19 அங்குலச் சக்கரம் என்றால் எம்ஆர்எஃப், சியட், மதுரையில் தயாராகும் டிவிஎஸ் போன்ற இந்திய டயர்கள் சிக்கனமானவை. நீண்ட நாள் உழைக்கும். ஈரத்தில் பிடிமானம் நடுத்தரம்; அதைத் தெரிந்துகொண்டு ஓட்ட வேண்டும். 18 அங்குலம் என்றால் தைவானின் டியூரோ, செங் ஷின், கொரியாவில் தயாராகும் ஷிங்கோ ஆகியவற்றில் அளவுகள் நிறைய. இவற்றில் ஷிங்கோ ஈரத்தில் நம்பத்தக்கது. சற்று விரைவில் தேயும். வருடத்தில் சில நூறு கிலோமீட்டர் ஓடும் வண்டிக்கு விரைவில் தேய்வது ஒரு குறையே இல்லை. கையில் இன்னும் கொஞ்சம் பணம் இருந்தால் செக் நாட்டில் பிறந்த மிட்டாஸ், ஜெர்மனியின் ஹைடனாவ். பழைய அளவுகளை இன்றைய ரப்பரில் செய்பவர்கள் இவர்கள். 16 அங்குல ஜாவாக்காரர்களுக்கும் ஸ்கூட்டர்காரர்களுக்கும் வேறு போக்கிடம் குறைவு.

டன்லப், ஏவான் பெயர்களை நான் வெறுக்கவில்லை. 1969இல் மேன் தீவின் டிடி பந்தயத்தில் மால்கம் அப்ஹில் டிரையம்ப் பொன்னவில் வண்டியில் மணிக்கு 100 மைலுக்கு மேல் சராசரி வேகத்தில் ஒரு சுற்றை முடித்தார். அவர் ஓட்டிய டன்லப் கே81க்கு அதற்குப் பிறகு டிடி100 என்றே பெயர் வந்தது. அந்தப் பெயரைப் பக்கச்சுவரில் பார்த்தால் எனக்கும் மனம் இளகும். ஆனால் பணம் அளவோடுதான் இருக்கிறது என்றால், புதிய ஷிங்கோ ஒன்று பழைய டன்லப்பைவிட மேல். பெயரில் மிச்சம் பிடியுங்கள், தேதியில் பிடிக்காதீர்கள்.

உணவு கொண்டுபோகும் பையன்களின் வண்டியில் 18 அங்குல டயர் ஒன்று மிக மலிவாக வருகிறதே?

2.75-18, 3.00-18 அளவுகளில் வரும் அவை சிறிய வண்டிக்கானவை. நாளெல்லாம் ஓடி மாதக்கணக்கில் உழைக்க வேண்டும் என்று கெட்டியான ரப்பரில் செய்தவை. 125 சிசி பழைய ஹோண்டாவுக்குப் போடுங்கள், குற்றமில்லை. ஆர்டி350இன் முன்னால் 3.00-18தானே என்று அதையே மாட்டிவிடாதீர்கள். அளவு பொருந்தும், அந்த டயருக்குரிய சுமையும் வேகமும் வண்டிக்குப் பொருந்துமா என்று பார்க்க வேண்டும். அந்தக் கணக்கு அடுத்து வருகிறது.

அளவுக்குப் பக்கத்தில் 54பி என்று எழுதியிருக்கிறது. அது என்ன?

54 என்பது சுமை எண்: அந்த டயர் 212 கிலோ தாங்கும். 57 என்றால் 230 கிலோ, 60 என்றால் 250. எழுத்து வேகத்துக்கு: பி மணிக்கு 150 கி.மீ., எஸ் 180, எச் 210.

என் வண்டியை வைத்துக் கணக்குப் போடுகிறேன். வண்டி பெட்ரோலோடு சுமார் 190 கிலோ, நானும் மனைவியும் 145. மொத்தம் 335. பின்னால் ஒருவர் உட்கார்ந்தால் இதில் ஏறத்தாழ அறுபது, அறுபத்தைந்து சதவீதம் பின் சக்கரத்தில் விழும்: 200 முதல் 218 கிலோ. 54 விளிம்பில் நிற்கிறது. பின்னால் 57ஆவது இருந்தால்தான் எனக்குத் தூக்கம் வரும். தனியாக ஓட்டுகிறவருக்கு 54 போதும். வேக எழுத்தைப் பற்றி பி31காரர்கள் கவலைப்பட வேண்டாம். மணிக்கு 150 கி.மீ. என்பது என் வண்டிக்குக் கனவில்தான் வரும்.

முன் டயரையும் பின் டயரையும் ஒன்றாகத்தான் மாற்ற வேண்டுமா?

வேண்டியதில்லை. பணம் ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால் முன்னால் மாற்றுங்கள். பின் சக்கரம் சறுக்கினால் பல சமயம் சமாளித்துவிடலாம். முன் சக்கரம் சறுக்கினால் என்ன ஆகும் என்று முதல் பதிலில் சொல்லிவிட்டேன். ஒரே கட்டுப்பாடு, முன்னால் ஒரு வகைக் கட்டமைப்பும் பின்னால் வேறு வகையும் கூடாது. பழைய வண்டிகளுக்குக் குறுக்கு அடுக்கில் நெய்த நைலான் டயர்தான் பொருத்தம். நவீன வண்டியிலிருந்து கழற்றிய ரேடியல் டயர் ஒன்றை யாராவது இலவசமாகத் தந்தாலும் வேண்டாம்.

நீளக் கோடு போட்ட டயர் முன்னால்தான் போட வேண்டுமா?

ஆம். நீளக் கோடுகள் சக்கரம் பக்கவாட்டில் நழுவாமல் பிடிக்கும். அந்தக் காலத்தில் முன்னால் அதையும் பின்னால் கட்டங்கள் போட்டதையும் மாட்டுவது வழக்கம். இப்போது பல டயர்கள் இரண்டு பக்கமும் பொருந்தும்படி ஒரே பூவேலையோடு வருகின்றன. என் முன் சக்கரத்தில் அப்படி ஒன்றுதான் இருக்கிறது. டர்பன் சாலைகளில், முக்கியமாக நெடுஞ்சாலையை நீளவாட்டில் கீறி வைத்திருக்கும் இடங்களில், கோடு போட்ட முன் டயர் அந்தக் கீறல்களைப் பிடித்துக்கொண்டு பாம்புபோல நெளியும். ஆபத்தில்லை, வயிற்றைக் கலக்கும்.

டயரில் ஒரே ஓர் அம்புக்குறி இருக்கிறது. பின் டயரை முன்னால் போட்டால் அம்பு எந்தப் பக்கம்?

நல்ல கேள்வி, மெக்கானிக்குகளே இதில் சண்டை போடுவார்கள். டயரின் மேல்தோல் ஒரு நீளப் பட்டையாகச் சுற்றப்பட்டு, இரு நுனிகளும் சாய்வாக ஒட்டப்படுகிறது. பின் சக்கரத்தில் பெரிய விசை எஞ்சின் உந்துவது. முன் சக்கரத்தில் பெரிய விசை பிரேக் இழுப்பது. இரண்டும் எதிரெதிர்த் திசை. ஒட்டு பிரியாத பக்கமாக விசை விழ வேண்டும் என்பதற்குத்தான் அம்பு. ஆகவே பின்னால் போடுவதற்கென்று செய்த டயரை முன்னால் மாட்டினால், அம்பு சுழலும் திசைக்கு எதிராக இருக்க வேண்டும்.

இரு சக்கரத்துக்குமான டயர்களில் இரண்டு அம்புகள் இருக்கும். ஒன்றில் முன் என்றும் மற்றதில் பின் என்றும் ஆங்கிலத்தில் எழுதியிருக்கும். அங்கே யோசிக்க வேலையில்லை. அம்பே இல்லையென்றால் எப்படி வேண்டுமானாலும் மாட்டலாம்.

டியூப்லெஸ் என்று எழுதிய டயரை ஸ்போக் சக்கரத்தில் போடலாமா?

உள்ளே டியூப் வைத்துப் போடலாம். ஸ்போக் சக்கரத்தில் ஒவ்வொரு கம்பியின் துளை வழியாகவும் காற்று போய்விடும் என்பதால் டியூப் இல்லாமல் ஆகாது. டியூப்லெஸ் டயரின் விளிம்பு இறுக்கமானது. மாட்டும்போது இரண்டு மடங்கு வியர்க்கும், அவ்வளவுதான். தலைகீழாகச் செய்யக் கூடாது: டியூப் வேண்டும் என்று எழுதிய டயரை வார்ப்புச் சக்கரத்தில் டியூப் இல்லாமல் ஓட்டக் கூடாது.

பழைய டியூப் நன்றாக இருக்கிறதே, அதையே போட்டுக்கொள்ளட்டுமா?

டயருக்கு அத்தனை பணம் கொடுத்துவிட்டு டியூபில் மிச்சம் பிடிப்பவர்களை என்ன சொல்வது? பழைய டியூப் நீண்டுபோயிருக்கும். புதிய டயருக்குள் அது ஓரிடத்தில் மடியும். மடிப்பு உரசி உரசி ஒரு நாள் கிழியும். டியூபில் காற்று போவது ஆணி குத்திய டியூப்லெஸ் டயரைப்போல மெல்லப் போவதல்ல, மூச்சு விடுவதற்குள் போய்விடும். டியூப், ஸ்போக் முனைகளை மறைக்கும் ரிம் நாடா, இரண்டையும் டயரோடு சேர்த்து வாங்குங்கள்.

சென்னையில் விலை பாதி என்கிறார்கள். அக்கா மகன் வரும்போது கொண்டுவரச் சொல்லலாமா?

கேட்க இனிக்கும். ஒரு 19 அங்குல டயர் நான்கு ஐந்து கிலோ வரும். இரண்டு டயர், இரண்டு டியூப் என்றால் அவன் பெட்டியில் பாதி போயிற்று. ஊறுகாயும் புடவையும் எங்கே வைப்பான்? கூரியரில் அனுப்பினால் அனுப்பும் செலவும் சுங்கமும் 15 சதவீத மதிப்புக்கூட்டு வரியும் சேர்ந்து மிச்சத்தை விழுங்கிவிடும். இந்திய டயர்கள் இங்கேயே விற்பனைக்கு இருக்கின்றன. முதலில் இரண்டு மூன்று கடைகளில் விசாரியுங்கள். இங்கே கிடைக்காத அளவு என்றால் மட்டும் மருமகனைத் தொந்தரவு செய்யலாம். பயன்படுத்திய டயரை அனுப்பச் சொல்லவே வேண்டாம். பழைய பொருள் இறக்குமதிக்குத் தனி அனுமதி வேண்டும்; அதோடு இரண்டாவது பதிலைப் படித்த பிறகும் பழைய டயர் கேட்பீர்களா?

வாங்கி அனுப்புகிறவருக்கு ஒரு சொல்: இடத்தை மிச்சப்படுத்த டயரை எட்டு வடிவத்தில் முறுக்கிக் கட்டாதீர்கள். விளிம்புக்குள் இருக்கும் எஃகுக் கம்பி மடங்கிவிட்டால் அந்த டயர் ரிம்மில் ஒருபோதும் வட்டமாக உட்காராது.

நானே வீட்டில் மாற்ற முடியுமா?

முடியும். முதல் முறை அரை நாள் ஆகும், ஒரு கெட்ட வார்த்தையாவது வரும். இரண்டு டயர் லீவர், ரிம்மைக் காக்க இரண்டு துண்டு பழைய தோட்டக்குழாய், சோப்புத் தண்ணீர், ஒரு டப்பா முகப் பவுடர், இவ்வளவும் போதும். டயரை முதலில் வெயிலில் ஒரு மணி நேரம் வையுங்கள்; டர்பன் வெயில் பாதி வேலையைச் செய்துவிடும். டியூபுக்குப் பவுடர் பூசி, உருண்டு நிற்கும் அளவுக்கு மட்டும் காற்றடித்து உள்ளே வையுங்கள். இரகசியம் ஒன்றுதான்: வால்வுக்கு எதிர்ப்பக்கத்தில் மாட்டத் தொடங்கி வால்வில் முடிக்க வேண்டும். மாட்டி முடித்த விளிம்பை முழங்காலால் ரிம்மின் நடுப்பள்ளத்துக்குள் அழுத்திக்கொண்டே இருந்தால் கடைசிப் பகுதி கையாலேயே ஏறும். லீவருக்கு முழு பலம் தேவைப்படுகிறது என்றால் எங்கோ விளிம்பு பள்ளத்தில் இல்லை. அந்த நேரத்தில் பலத்தைக் காட்டினால் டியூபைக் கிள்ளிவிடுவீர்கள்.

காற்றடித்த பிறகு சக்கரத்தைச் சுழற்றிப் பாருங்கள். பக்கச்சுவரில் ரிம்மை ஒட்டி ஒரு மெல்லிய வட்டக்கோடு ஓடும். அது சுற்றிலும் ஒரே தூரத்தில் இருக்க வேண்டும். ஓரிடத்தில் உள்ளே புதைந்திருந்தால் காற்றை இறக்கி, அங்கே சோப்புத் தண்ணீர் தடவி, மறுபடி அடிக்க வேண்டும். வால்வின் அடியில் வரும் சிறு நட்டை ரிம்மோடு இறுக்காதீர்கள்; மேலே மூடியோடு சேர்த்து நிறுத்துங்கள். டயரோடு டியூபும் நகர்ந்தால் வால்வு சாய்ந்து உங்களுக்குச் செய்தி சொல்லும். நட்டு இறுகியிருந்தால் சொல்லாமலே அறுந்துபோகும்.

காற்று எவ்வளவு அடிக்க வேண்டும்? கையேட்டில் 18 பவுண்டு என்று இருக்கிறது.

கையேடு எழுதியவர்கள் அந்தக் காலத்து டயரை மனதில் வைத்து எழுதினார்கள். இன்றைய டயரில் 18 பவுண்டு வைத்தால் வண்டி சேற்றில் நடப்பதுபோல இருக்கும், டயரும் சூடேறும். நான் தனியாகப் போகும்போது முன்னால் 26, பின்னால் 28. மனைவி ஏறினால் பின்னால் 32. பெட்ரோல் நிலையத்துக் கருவி பாரில் காட்டினால் 26 என்பது 1.8. டயர் தயாரிப்பாளர் வேறு அளவு சொன்னால் அவர் சொல்வதே சரி. டயர் குளிர்ந்திருக்கும்போது பார்க்க வேண்டும் என்பதை மட்டும் மறக்காதீர்கள்.

வண்டியைப் பெயர் மாற்ற வேண்டும். பரிசோதனையில் டயருக்காகத் தள்ளிவிடுவார்களா?

தள்ளுவார்கள். இங்கே சட்டப்படி பட்டன் ஆழம் டயரின் அகலம் முழுவதும் சுற்றளவு முழுவதும் 1 மி.மீ.க்குக் குறையக் கூடாது. உள் இழை வெளியே தெரியக் கூடாது. அதிகாரி டயரின் வயதைப் பெரிதாகப் பார்க்கமாட்டார். 1109 டயரோடு நான் போயிருந்தால் புன்னகையோடு சான்றிதழ் கொடுத்திருப்பார். சான்றிதழ் கிடைத்தது என்பதால் டயர் நல்லது என்று ஆகாது. 1 மி.மீ. வரை காத்திருக்கவும் வேண்டாம். டிசம்பர் மழைக்கு 2 மி.மீ.யாவது இருக்கட்டும். தேய்ந்த டயரில் கத்தியால் பள்ளம் வெட்டிப் புதுப்பித்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் வண்டியைத் தள்ளிக்கொண்டாவது வீடு வந்து சேருங்கள்.

டர்பன்–ஜோஹானஸ்பர்க் ஓட்டத்துக்கு மாமா ஒரு பழைய வண்டி தயார் செய்கிறார். அதற்கு டயர்?

1913 முதல் 1936 வரை நடந்த பந்தயத்தின் நினைவாக நடக்கும் ஓட்டம் அது. 1936 முடிவதற்குள் செய்யப்பட்ட வண்டிகளுக்கு மட்டுமே இடம். இங்கே மலிவு என்ற சொல்லைக் கொஞ்சம் ஒதுக்கி வைக்க வேண்டும். 19 அங்குலச் சக்கரம் என்றால் மேலே சொன்னதெல்லாம் பொருந்தும். 21 அங்குலம் என்றால் மாமா அதிர்ஷ்டசாலி. மலைப்பாதை வண்டிகள் இன்றும் முன்னால் 21 அங்குலத்தில்தான் வருகின்றன, 3.00-21 கிடைக்கும். 20 அங்குலம்தான் தலைவலி. பழைய வண்டிகளுக்கென்றே டயர் செய்யும் சில நிறுவனங்களிடமிருந்து தருவிக்க வேண்டும். எனக்குத் தெரிந்த ஒருவர் அந்தச் செலவைப் பார்த்துவிட்டு 19 அங்குல ரிம்மைக் கட்டி ஓட்டுகிறார். பழைய ரிம் பரணில் பத்திரமாக இருக்கிறது.

இருபதுகளின் தொடக்கத்து வண்டி என்றால் ரிம்மின் விளிம்பு உள்பக்கம் சுருண்டிருக்கிறதா என்று பாருங்கள். அப்படியானால் அது கொக்கி விளிம்பு டயர் போடும் ரிம். எஃகுக் கம்பி இல்லாத அந்த டயர் காற்றழுத்தத்தால் மட்டுமே ரிம்மைப் பிடித்திருக்கும்; அழுத்தம் குறைந்தால் கழன்று ஓடிவிடும். சாதாரண டயர் அதில் உட்காரவே உட்காராது. விற்பவர் உட்காரும் என்று சத்தியம் செய்தாலும் நம்பாதீர்கள்.

புதிய டயர் போட்டதும் வழுக்குகிறது. ஏமாந்துவிட்டேனா?

இல்லை. அச்சிலிருந்து பிரிவதற்காகப் பூசிய வழவழப்பு மேல்தோலில் இருக்கும். முதல் 150 கிலோமீட்டர் நிதானமாக ஓட்டி, வளைவுகளில் கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்த்துப் பழக்குங்கள். மண்ணெண்ணெயால் துடைக்காதீர்கள், ரப்பரைத் தின்றுவிடும்.

மாதக்கணக்கில் ஷெட்டில் நிற்கும் வண்டி. டயர் கெடாமல் எப்படி வைப்பது?

நடு ஸ்டாண்டில் நிறுத்தி, முன் சக்கரத்துக்கும் ஒரு முட்டுக் கொடுத்துத் தரையிலிருந்து தூக்கிவிடுங்கள். எண்ணெய் சொட்டும் இடத்தில் டயர் நிற்கக் கூடாது. பிரிட்டிஷ் வண்டிக்காரர்களுக்கு இது கஷ்டமான நிபந்தனைதான். ஜன்னல் வெயில் படாமல் பழைய போர்வை ஒன்றைப் போர்த்துங்கள்.

கடைசியாக, யாரும் நினைத்துப் பார்க்காத ஒன்று. தீப்பொறி பறக்கும் மின்கருவிகள் ஓசோனை உண்டாக்கும். துளையிடும் கருவி, அரைக்கும் கருவி, பழைய மோட்டார்கள் எல்லாம் அப்படித்தான். எங்கள் ஷெட்டில் மாமியாரின் மாவரைக்கும் இயந்திரத்துக்கு ஓரடி தள்ளி நின்ற பக்கத்தில் மட்டும் பின் டயர் நுண்ணிய வெடிப்பு விட்டிருந்ததை இரண்டு ஆண்டுகள் கழித்துத்தான் கவனித்தேன். இரண்டில் ஒன்று இடம் மாற வேண்டும் என்று வீட்டில் சொல்லிப் பார்த்தேன். பி31 இப்போது வாசலில் நிற்பது அதனால்தான்.